டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை: முதல் டோஸுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

ரத்த ரிப்போர்ட்டில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று பார்த்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "ஊசி நல்லதா, ஜெல் நல்லதா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு வருவதற்குள் ஏழு படிகளை முடித்திருக்க வேண்டும். அவற்றில் சிலவற்றை விட்டுவிட்டால் பிறகு திரும்பிப் போய்ச் செய்யவே முடியாது. வெளியிலிருந்து இந்த ஹார்மோன் உள்ளே போன சில வாரங்களில், விரைகளுக்கு மூளை அனுப்பும் உத்தரவு அடங்கிவிடும். அதன்பிறகு எந்தப் பரிசோதனை எடுத்தாலும் குறை விரையில் இருந்ததா மூளையில் இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. விந்தணு உற்பத்தியும் கூடவே படுத்துவிடும்.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டிக்கு அறுவை செய்துகொண்ட நாள் முதல் நான் இந்தச் சிகிச்சையில் இருக்கிறேன். எண்டோகிரினாலஜி, அதாவது ஹார்மோன் நோய்ப் பிரிவின் ஓ.பி.யில் காத்திருக்கும்போது புதிதாக வருகிறவர்களோடு பேசுவேன், அவர்கள் ஃபைலைக் காட்டினால் பார்ப்பேன். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்வார். அவர் முன்னால் போய் உட்காரும்போது கையில் என்ன இருக்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

1. அறிகுறிகளைத் தாளில் எழுதுங்கள்

எண் மட்டும் குறைவாக இருந்தால் அது நோயாகாது. அறிகுறியும் இருக்க வேண்டும், ரத்தத்திலும் திரும்பத் திரும்பக் குறைவு தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சிகிச்சை.

எல்லா அறிகுறிக்கும் ஒரே எடை கிடையாது. உடலுறவில் நாட்டம் குறைவது, விடியற்காலையில் தானாக வரும் விறைப்பு நின்றுபோவது, விரைகள் சுருங்குவது, சவரம் செய்ய வேண்டிய இடைவெளி நீண்டுகொண்டே போவது, மார்பு தடித்து வலிப்பது, சிறிய அடியிலேயே எலும்பு முறிவது ஆகியவை கனமானவை. களைப்பு, தூக்கம் கெடுவது, தொப்பை, எதிலும் மனம் ஒட்டாமை ஆகியவை எதனாலும் வரும். உங்களிடம் இந்த இரண்டாவது வகை மட்டும் இருந்தால், ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் முதலில் பாருங்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

அதே தாளில் பழைய கதையையும் எழுதுங்கள். சிறுவயதில் விரை கீழிறங்காமல் இருந்ததா, பொன்னுக்கு வீங்கி வந்தபோது விரையும் வீங்கியதா, மீசை எந்த வயதில் அரும்பியது, வாசனை நன்றாகத் தெரிகிறதா, தலைவலியோ பார்வை ஓரங்களில் மங்கலோ உண்டா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். வாசனையைக் கூடவா எழுத வேண்டும் என்று தோன்றும். பிறவியிலேயே வாசனை தெரியாமல், பருவமும் சரியாக வராமல் இருப்பது கால்மன் நோயின் அடையாளம்.

கடைசியாக, சாப்பிடும் மருந்துகள் அனைத்தும். தூக்க மாத்திரை, வலி மாத்திரை, வாயுத் தொல்லைக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, முடி வளர விழுங்கும் மாத்திரை, ஜிம்மில் யாரோ கொடுத்த ஊசி என்று ஒன்றையும் விட வேண்டாம். ஜிம் ஊசியைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் அதை மறைத்தால் அடுத்து எடுக்கும் எல்லா ரிப்போர்ட்டும் மருத்துவரைத் தவறான வழியில் கொண்டுபோகும்.

2. காலையில், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள்

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கும். இளம் வயதில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். அதனால் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். சாப்பிட்டாலும் அளவு இறங்கும். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனால் அன்றைய முடிவு பயன்படாது.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு முழு உடல் பரிசோதனையில் நடக்கிறது. வெறும் வயிற்று ரத்தம் கொடுத்து, டிபன் முடித்து, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரைக்கு மறுபடி ஊசி குத்தும்போது, "டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்துப் பார்த்துடுங்க" என்பார்கள். அந்த ரத்தத்தில் அளவு குறைவாகத்தான் காட்டும். அந்த ஒரு தாளை வைத்து வாழ்நாள் சிகிச்சையைத் தொடங்கியவர்களும் உண்டு.

இரவு ஷிஃப்ட் வேலை செய்கிறவர்களுக்குக் கடிகாரத்தைவிட அவர்கள் தூக்கம்தான் கணக்கு. தூங்கி எழுந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எடுங்கள், அதை லேப் சீட்டிலும் குறிக்கச் சொல்லுங்கள்.

காய்ச்சல் வந்து தேறிக்கொண்டிருக்கும்போதோ, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதோ எடுக்க வேண்டாம். உடம்பு நோயோடு போராடும்போது இந்த ஹார்மோன் தற்காலிகமாக இறங்கும். டெங்குவோ சிக்குன்குனியாவோ வந்திருந்தால் முழுதாகத் தேறும்வரை பொறுங்கள்.

முடிக்கான மாத்திரைகளில் பயோட்டின் அதிக அளவில் இருக்கும். சில லேப் கருவிகளில் அது எண்களையே புரட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

3. எண்ணை அலகோடு சேர்த்துப் படியுங்கள்

ஒரு லேப் 310 என்று தரும். இன்னொன்று 3.1 என்று தரும். மூன்றாவது 10.8 என்று தரும். மூன்றும் ஒரே அளவுதான். முதலாவது நானோகிராம்/டெசிலிட்டர், இரண்டாவது நானோகிராம்/மில்லிலிட்டர், மூன்றாவது நானோமோல்/லிட்டர். மில்லிலிட்டர் கணக்கை 100ஆல் பெருக்கினால் டெசிலிட்டர் கணக்கு வரும், நானோமோலை 28.8ஆல் பெருக்க வேண்டும். "போன தடவை முந்நூறு இருந்தது, இப்போ மூணுக்கு வந்துடுச்சு" என்று பதறி ஓடி வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒன்றுமே மாறவில்லை, லேப்தான் மாறியிருந்தது. முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

எதற்குக் கீழே போனால் குறைவு? அமெரிக்க யூராலஜி சங்கம் 2018இல் 300 என்று வைத்தது. அதே ஆண்டு வெளிவந்த எண்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டி, பருமன் இல்லாத இளம் ஆண்களுக்கு 264 என்ற எல்லையைச் சொன்னது. இரண்டும் நானோகிராம்/டெசிலிட்டர். ஆக, 290 என்ற எண் ஒரு கணக்கில் குறைவு, இன்னொரு கணக்கில் சரி. எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணை வைத்து அவசரப்படக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்லைக்கோட்டில் இருந்தால் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எதனோடும் ஒட்டாத சிறு பங்கைத்தான் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் என்கிறார்கள். பருமனும் சர்க்கரை நோயும் இருந்தால் எஸ்.எச்.பி.ஜி. இறங்கும். அதனால் மொத்த அளவு குறைந்து தெரிந்தாலும் ஃப்ரீ பங்கு சரியாகவே இருக்கலாம். வயது ஏறினாலும், கல்லீரல் நோய் இருந்தாலும் எஸ்.எச்.பி.ஜி. ஏறும். அப்போது மொத்த அளவு நன்றாகத் தெரியும், உண்மையில் குறை இருக்கும். நம் ஊரில் தொப்பையும் சர்க்கரையும் எத்தனை பேருக்கு என்று யோசித்தால், இந்த ஒரு பரிசோதனை எவ்வளவு பேரைத் தேவையில்லாத ஊசியிலிருந்து காப்பாற்றும் என்பது புரியும்.

சாதாரண லேப் கிட்டில் நேரடியாக அளக்கும் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் அவ்வளவு நம்பகமானது இல்லை. மொத்த அளவு, எஸ்.எச்.பி.ஜி., ஆல்புமின் மூன்றையும் வைத்துக் கணக்கிடுவது மேல்.

4. இன்னொரு நாள் மறுபடி பாருங்கள், கூடவே எல்.எச்.

முதல் முறை குறைவாக வந்தவர்களில் கணிசமானவர்களுக்கு இரண்டாம் முறை சரியாக வந்துவிடும். அதனால் வேறொரு நாள், அதே நேரத்தில், அதே வெறும் வயிற்றில் மறுபடி பார்க்க வேண்டும். இது காசுக்காகச் செய்யச் சொல்வதில்லை. இதைத் தவிர்க்கிற இடத்தில் நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது முறை ரத்தம் கொடுக்கும்போது எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்றும் பிட்யூட்டரியின் ஹார்மோன்கள், முதல் இரண்டும்தான் விரைகளுக்குப் போகும் உத்தரவு. சிகிச்சை தொடங்கிய பிறகு எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் அடங்கிப்போகும். இப்போது விட்டால் அந்தத் தகவல் போனதுதான்.

5. காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில்தான் மெதுவாகப் போக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தாண்டிப்போவதும் இதைத்தான்.

டெஸ்டோஸ்டிரோன் குறைந்து, எல்.எச். ஏறியிருந்தால் மூளை உத்தரவு போடுகிறது, விரை வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பொன்னுக்கு வீங்கி, அடிபட்டது, கீமோதெரபி, குரோமோசோமில் ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை ஆகியவை இதில் வரும். விரைகள் மிகச் சிறியதாகவும் கெட்டியாகவும் இருந்தால் மருத்துவர் கேரியோடைப் என்ற குரோமோசோம் பரிசோதனை எழுதுவார். கிளைன்ஃபெல்டர் அபூர்வமானது இல்லை. பிள்ளை இல்லை என்று பரிசோதனைக்குப் போகும்வரை பலருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும் எல்.எச். ஏறாமல் குறைவாகவோ நார்மலாகவோ இருந்தால் குறை மேலே, மூளைப் பக்கம் இருக்கிறது. "எல்.எச். நார்மல்னு போட்டிருக்கு, அப்ப பிரச்சினை இல்லை" என்று படிப்பது தவறு. டெஸ்டோஸ்டிரோன் இறங்கினால் எல்.எச். ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் இருப்பதே கோளாறு.

இந்த இரண்டாம் வகையில் முதலில் புரோலாக்டினைப் பாருங்கள். அது ஏறினால் மற்ற உத்தரவுகளை அமுக்கிவிடும். பிட்யூட்டரியில் கட்டி இருந்தாலும் ஏறும், மருந்தாலும் ஏறும். நெஞ்செரிச்சலுக்கும் வாயுவுக்கும் எழுதப்படும் மாத்திரைகள் பலவற்றில் டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருக்கும். இரண்டுமே புரோலாக்டினை ஏற்றும். "அது கேஸ் மாத்திரைதானே" என்று மாதக்கணக்கில் விழுங்கியவருக்கு நாட்டம் போய், மார்பகம் வலித்து, கடைசியில் காரணம் அந்தப் பட்டையில் இருந்தது என்றால் எப்படி இருக்கும்? மருத்துவரிடம் கேட்டு நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தாலே சிலருக்கு எல்லாம் சரியாகிவிடும். மனநல மருந்துகளில் ரிஸ்பெரிடோனும் இப்படி ஏற்றும். ஆனால் அதை நீங்களாக நிறுத்தவே கூடாது, எழுதிய மருத்துவரிடம் பேசுங்கள்.

டிராமடால் போன்ற வலி மருந்துகள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, ஜிம் ஊசி மூன்றும் மூளையின் உத்தரவைக் குறைக்கும். தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டுப் பலமாகக் குறட்டை விடும் நோயோடும், பருமனோடும் இந்தக் குறை சேர்ந்தே வருகிறது. எடை குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறும், நன்றாகக் குறைந்தால் நன்றாகவே ஏறும். பருமன்தான் காரணம் என்று தெரிந்தவர்களுக்கு ஊசியைவிட முதலில் எடையைப் பார்க்கச் சொல்வதுதான் நியாயம் என்று நான் நம்புகிறேன். ஊசி வாழ்நாள் கட்டு, எடை அப்படியில்லை.

எப்போது எம்.ஆர்.ஐ.? டெஸ்டோஸ்டிரோன் 150 நானோகிராம்/டெசிலிட்டருக்கும் கீழே போய் எல்.எச்.சும் ஏறாமல் இருந்தால், புரோலாக்டின் தொடர்ந்து ஏறியிருந்தால், தலைவலியோ பார்வைக் குறையோ இருந்தால் பிட்யூட்டரியைப் படமெடுக்கச் சொல்வார்கள். தயங்காதீர்கள். இரும்புச் சத்து அளவையும், அதாவது ஃபெரிட்டினையும் பார்ப்பார்கள், ஏனென்றால் உடலில் இரும்பு படிந்தாலும் பிட்யூட்டரி கெடும்.

பிட்யூட்டரியில்தான் கோளாறு என்று தெரிந்தால், டெஸ்டோஸ்டிரோன் பட்டியலில் கடைசிக்குப் போகிறது. முதலில் அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசோலைக் காலையில் பார்ப்பது, அடுத்து தைராய்டு. கார்டிசோல் குறைவாக இருக்கும்போது அதைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரை தொடங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கும் இந்த வரிசையில்தான் கொடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் காத்திருக்கும், கார்டிசோல் காத்திருக்காது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் ஆண்மைக்குறைவு நோட்டீஸ்களைப் பார்த்து, லாட்ஜ் அறையில் வந்து தங்கும் வைத்தியரிடம் போய் மாதங்களை இழந்தவர்களோடு பேசியிருக்கிறேன். ரத்தப் பரிசோதனையே கேட்காமல் இந்தக் குறையைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. எண்டோகிரினாலஜிஸ்ட் (ஹார்மோன் மருத்துவர்), யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப் பாதை மருத்துவர்), ஆண்ட்ராலஜிஸ்ட் (ஆண் இனப்பெருக்க மருத்துவர்) இவர்களில் ஒருவரிடம் போங்கள். சென்னையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், வேலூர் சி.எம்.சி.யிலும் எண்டோகிரினாலஜிக்குத் தனிப் பிரிவு உண்டு.

6. குழந்தை வேண்டுமா என்பதை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்

டெஸ்டோஸ்டிரோன் எடுத்தால் ஆண்மை கூடும், ஆகவே பிள்ளை பெறும் வாய்ப்பும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறானது. ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள்ளேயே இருந்தால்தான் விந்தணு உருவாகும். வெளியிலிருந்து கொடுத்தால் விரை தன் உற்பத்தியை நிறுத்தும், உள்ளே அளவு சரியும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரை போகலாம். ஆண்களுக்கான கருத்தடையாக டெஸ்டோஸ்டிரோன் ஊசியை உலக சுகாதார நிறுவனமே ஆய்வு செய்திருக்கிறது. நிறுத்திய பிறகு பெரும்பாலானவர்களுக்கு விந்தணு திரும்பும், ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும்.

கல்யாணமாகி ஒரு வருடம் ஆவதற்குள் "விசேஷம் உண்டா?" என்று கேட்கிற ஊர் நம்முடையது. அந்தக் கேள்வியும் பரிசோதனையும் முதலில் மனைவி மேல்தான் விழுகிறது. கணவர் சத்து ஊசி என்று எதையோ போட்டுக்கொண்டிருப்பார், விந்துப் பரிசோதனை வரும்வரை அது யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் அதுவரை பட்டதை யார் திருப்பித் தருவது?

அடுத்த ஓராண்டுக்குள் குழந்தை வேண்டும் என்று இருந்தால் டெஸ்டோஸ்டிரோனைத் தொடங்காதீர்கள். குறை மூளைப் பக்கம் இருந்தால் எல்.எச். போல வேலை செய்யும் எச்.சி.ஜி. ஊசி, தேவைப்பட்டால் எஃப்.எஸ்.எச். ஊசி என்று வேறு வழி உண்டு. அவை விரையையே வேலை செய்ய வைக்கும், டெஸ்டோஸ்டிரோனும் ஏறும், விந்தணுவும் வரும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். குளோமிஃபீன் மாத்திரையையும் சில மருத்துவர்கள் எழுதுவார்கள். குறை விரையில் இருந்தால், அங்கிருந்தே நேரடியாக விந்தணு எடுக்க வாய்ப்பு இருக்கிறதா என்று குழந்தைப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு வேண்டியிருக்கலாம் என்கிறவர்கள் விந்தை உறைய வைத்துவிட்டுத் தொடங்கலாம்.

டெஸ்டோஸ்டிரோன் விந்தணுவை அடக்கிவிடும் என்று நம்பிக் கருத்தடையை விட்டுவிடவும் கூடாது. சிலருக்கு விந்தணு முழுதாக அடங்காது.

7. தொடங்குவதற்கு முன் பாதுகாப்புப் பரிசோதனை

ரத்த அணுப் பரிசோதனையில் பி.சி.வி. அல்லது ஹெமடோக்ரிட் என்று ஒரு வரி இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்வது அது. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைக் கூட்டும், ரத்தம் தடிக்கும். தொடங்கும்போதே அது 48 சதவீதத்துக்கு மேல் இருந்தால், ஏன் என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது. புகைப்பழக்கமும் தூக்க மூச்சுத் தடையும் முக்கியக் காரணங்கள்.

40 வயதைத் தாண்டியவர்களுக்கு பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனையும், புராஸ்டேட்டை விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையும் வேண்டும். பி.எஸ்.ஏ. 4க்கு மேல் இருந்தாலோ, விரலால் பார்க்கும்போது கட்டி தட்டுப்பட்டாலோ முதலில் யூராலஜிஸ்ட். சிறுநீர்த் தொற்று இருக்கும்போது பி.எஸ்.ஏ. பொய்யாக ஏறும், குணமான பிறகு எடுங்கள்.

புராஸ்டேட் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு, கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ, ரத்தம் தேவையில்லாமல் உறைந்து கட்டியாகும் கோளாறு, சிகிச்சை எடுக்காத கடுமையான தூக்க மூச்சுத் தடை, சிறுநீர் கழிக்க மிகுந்த சிரமம் ஆகியவை இருந்தால் எண்டோகிரைன் சொசைட்டி இதைத் தொடங்க வேண்டாம் என்கிறது. குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தக் கட்டி வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

8. இப்போது வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

எனாந்தேட் போன்ற குறுகிய கால ஊசிகளும், சஸ்டனான் போல டெஸ்டோஸ்டிரோனின் நான்கு வடிவங்கள் (எஸ்டர்கள்) கலந்த ஊசியும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று என்று போடப்படும். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். போட்ட சில நாள் அளவு உச்சத்துக்குப் போகும், அடுத்த ஊசிக்கு முன் தரைக்கு வரும். மனநிலையும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். அப்படி நடந்தால் மொத்த அளவைக் கூட்டக் கேட்காதீர்கள். அதே அளவைப் பிரித்து அடிக்கடி போடலாமா என்று கேளுங்கள். சஸ்டனானில் வேர்க்கடலை எண்ணெய் இருக்கிறது. கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

அன்டெக்கனோயேட் டெப்போ ஊசி, அதாவது தசையில் தங்கி மெல்ல வெளியாகும் ஊசி, 1000 மில்லிகிராம், ஆமணக்கு எண்ணெயில் இருக்கும். முதல் ஊசிக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது, பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. அளவு சீராக இருக்கும். விலை அதிகம். பக்கவிளைவு வந்தால் உடனே வெளியே எடுக்க முடியாது என்பதுதான் இதன் குறை. வயதானவர்களும் பி.சி.வி. மேல் எல்லையில் இருப்பவர்களும் முதலில் ஜெல்லிலோ குறுகிய கால ஊசியிலோ தொடங்குவது நல்லது. வேண்டாம் என்றால் சீக்கிரம் நிறுத்தலாம்.

ஜெல் தினமும் பூச வேண்டும். அளவு சீராக இருக்கும், வலி இல்லை. ஆனால் வீட்டில் குழந்தை இருந்தால் யோசிக்க வேண்டும், அடுத்த படியில் சொல்கிறேன்.

அன்டெக்கனோயேட் காப்ஸ்யூல் கொழுப்போடு சேர்ந்துதான் உறிஞ்சப்படும். வெறும் கஞ்சியோடு விழுங்கினால் பயனில்லை. மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கக்கூடியது, அதை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எதுவாக இருந்தாலும் மருத்துவர் சீட்டோடு, பில் தருகிற மருந்துக்கடையில் வாங்குங்கள்.

9. போடும் முறை

எண்ணெய் ஊசியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். இன்சுலின் பழக்கத்தில் பலர் அங்கேதான் வைக்கிறார்கள். குளிரில் எண்ணெய் தடிக்கும், மருந்து படிகமாகலாம். அட்டைப் பெட்டியில் போட்டபடி, வெயில் படாத, வீட்டின் குளிர்ந்த அலமாரியில் இருக்கட்டும். போடுவதற்கு முன் கைக்குள் சிறிது நேரம் வைத்திருந்தால் எண்ணெய் இளகும்.

டெப்போ ஊசியை ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோதான் போட வேண்டும். புட்டத்தின் மேல்வெளிப் பகுதியில், தசைக்குள் ஆழமாக, இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்துவார்கள். வேகமாகச் செலுத்தினாலோ ரத்தக்குழாயில் போனாலோ எண்ணெய்த் துளிகள் நுரையீரலை அடைந்து இருமல், மூச்சுத்திணறல், மயக்கம் வரலாம். அதனால் போட்டதும் வண்டியை எடுத்துக் கிளம்பாதீர்கள். அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நர்ஸிடமும் சொல்ல வேண்டும்.

ஜெல்லைக் குளித்துத் துடைத்த, காய்ந்த தோளிலோ மேல்கையிலோ பூசுங்கள். பாக்கெட்டில் சொன்ன இடம் தவிர வேறெங்கும் வேண்டாம். கையை உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். காயும்வரை அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் போகாதீர்கள், அதில் ஆல்கஹால் இருக்கிறது. பிறகு சட்டை போடுங்கள். வெயில் காலத்தில் வேட்டியோடு வெற்று உடம்பாக இருப்பதும், அப்படியே குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைப்பதும் நம் வீடுகளில் வழக்கம். ஜெல் பூசிய தோளில் அது கூடவே கூடாது. குழந்தையின் உடம்பில் ஒட்டினால் காலத்துக்கு முன்பே பருவ மாற்றங்கள் தொடங்கலாம். கர்ப்பிணி மனைவி மேல் படுவதும் சிசுவுக்கு ஆபத்து. இதை உங்களால் உறுதியாகக் கடைப்பிடிக்க முடியாது என்று தோன்றினால் ஊசிக்கே போங்கள்.

10. எப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பது

தொடங்கி மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒரு முறை, ஓராண்டில் ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும். டெஸ்டோஸ்டிரோன், பி.சி.வி., பி.எஸ்.ஏ. மூன்றும்.

டெஸ்டோஸ்டிரோனை எந்த நாளில் எடுக்கிறோம் என்பதுதான் இங்கே எல்லாம். எனாந்தேட் என்றால் இரண்டு ஊசிகளுக்கு நடுவில். டெப்போ என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால். ஜெல் என்றால் தொடங்கி ஒரு வாரமாவது ஆன பிறகு, பூசிய 2 முதல் 8 மணி நேரத்துக்குள். டெப்போ போட்ட அடுத்த வாரமே எடுத்து, "ஆயிரத்தைத் தாண்டிடுச்சு" என்று பயந்து மருந்தையே விட்டவர்கள் உண்டு. ஜெல் பூசிய கையில் ரத்தம் எடுத்தாலும் தோலில் இருக்கும் மருந்து கலந்து பொய்யான உச்சம் காட்டும். இன்னொரு கையை நீட்டுங்கள். கடைசி டோஸ் தேதியையும் நேரத்தையும் ரிப்போர்ட்டின் மேலேயே எழுதிவையுங்கள்.

நார்மல் வரம்பின் நடுப்பகுதி போதும். மேல் எல்லையைத் தொட வேண்டும் என்று துரத்தினால் கூடுவது பி.சி.வி.தான். அது 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, இறங்கியதும் குறைந்த அளவில் மறுபடி தொடங்குவார்கள். ரத்ததானம் செய்து சமாளித்துக்கொண்டு அதே அளவில் தொடர்வது சரியான வழி இல்லை. பி.எஸ்.ஏ. முதல் ஓராண்டுக்குள் 1.4க்கு மேல் கூடி, மறுபரிசோதனையிலும் அது உறுதியானால் யூராலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டும்.

11. என்ன மாறும், எதற்கு ஓட வேண்டும்

நாட்டம் சில வாரங்களில் திரும்பத் தொடங்கும். தசை மாற்றம் தெரிய மூன்று நான்கு மாதம், எலும்புக்கு ஆறு மாதத்திலிருந்து சில ஆண்டுகள். சர்க்கரையால் ரத்தக்குழாய் கெட்டு விறைப்பு போயிருந்தால் டெஸ்டோஸ்டிரோன் மட்டும் அதைச் சரிசெய்யாது, அதற்கு வேறு மருந்தும் சேர வேண்டியிருக்கும். களைப்பு முழுதாகப் போய்விடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அளவு சரியான இடத்துக்கு வந்து பல மாதமாகியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் காரணம் வேறு. மருந்தைக் கூட்டுவதில் பயனில்லை, நிறுத்துவதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

இதயத்துக்கு ஆபத்தா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். இதய நோயோ அதற்கான வாய்ப்போ உள்ள, 45 முதல் 80 வயது வரையிலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த டிராவர்ஸ் ஆய்வு 2023இல் வெளிவந்தது. உண்மையிலேயே குறை உள்ளவர்களுக்கு ஜெல் கொடுத்ததில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் போலி மருந்துக் குழுவைவிடக் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போவதும், நுரையீரலில் ரத்தக் கட்டியும், சிறுநீரகப் பாதிப்பும் சற்று அதிகமாக இருந்தன.

அதனால் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, சிறுநீர் அடைப்பது, நான்கு மணி நேரம் தாண்டியும் அடங்காத விறைப்பு இவற்றில் எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் இந்த மருந்து எடுப்பதைச் சொல்லுங்கள். பருக்கள், மார்பகம் தடித்து வலிப்பது, கணுக்கால் வீக்கம், ரத்த அழுத்தம் ஏறுவது, குறட்டை கூடுவது ஆகியவற்றை அடுத்த ஓ.பி.யில் சொன்னால் போதும். விரைகள் சிறுத்துப்போவது இந்தச் சிகிச்சையில் வழக்கமானது.

12. நிறுத்துவதும் தள்ளிப்போவதும்

நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். உடம்பின் சொந்த உற்பத்தி திரும்ப வாரங்கள் மாதங்கள் ஆகும், பிட்யூட்டரியோ விரையோ கெட்டவர்களுக்குத் திரும்பவே திரும்பாது. ஊசித் தேதி தவறினால் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம், கிளினிக்கைக் கூப்பிட்டு அடுத்த தேதியைக் கேளுங்கள்.

போட்டிகளில் விளையாடுகிறவர்கள், மாவட்ட அளவாக இருந்தாலும், தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். டெஸ்டோஸ்டிரோன் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது, சிகிச்சைக்கான விலக்கு முறைப்படி வாங்க வேண்டும். வெளிநாடு போகிறவர்கள் மருத்துவர் கடிதம், சீட்டு, பில் மூன்றையும் மருந்தோடு கைப்பையிலேயே வையுங்கள். அமெரிக்கா உட்படச் சில நாடுகளில் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. ஊசி இடைவெளிக்குள் திரும்பிவிடும் பயணம் என்றால் இங்கேயே போட்டுக்கொண்டு வெறுங்கையோடு போவது எளிது.